அலியன் 240 ஓட்டோ கியருக்கு வெளி ஒயில் கூலர்: வீட்டு முற்றத்தில பூட்டின கதை, பிழை இருந்தாச் சொல்லுங்க

திருக்கோவில்_ஹயர் · ஞாயிறு, இரவு 8.40

வணக்கம். கொஞ்சம் நீளும், பொறுமையா வாசிங்க. இந்தக் காரிலதான் எங்கட வீட்டு அடுப்பு எரியுது, அதனால பிழை கிடந்தா ஒளிக்காமச் சொல்லுங்க.

என்னட்ட இருக்கிறது அலியன் 240, 1.5 எஞ்சின், 4 கியர் ஓட்டோ. சீசனில அறுகம்பையில இருந்து எல்லவுக்கு ஹயர் ஓடுறன். கச்சான் காத்து அனலா அடிக்கிற மாசங்கள்தான் எங்களுக்கு உழைப்புக் காலம். நாலு வெள்ளைக்காரர், நாலு பேரின்ட பை, கூரையில சேர்ஃப் போர்ட், ஏசி முழுக்க. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை தாண்டும் மட்டும் ஒரு கரைச்சலும் இல்ல. வெல்லவாயவில இருந்து ஏறத் தொடங்கினாத்தான் சோதினை. எல்ல கடல் மட்டத்தில இருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல நிக்குது. முன்னுக்கு ஒரு பஸ் மாட்டினா 20, 25 இல ஊர வேண்டியதுதான்.

போன ஜூலையில இராவணன் நீர்வீழ்ச்சிக்குக் கிட்டப் போகக்குள்ள ஒரு மணம் வந்திச்சு. சீனிப்பாகு அடிப்பிடிச்ச மாதிரி. டெம்பரேச்சர் முள்ளு நடுவிலதான் நிக்குது, எஞ்சினில ஒண்டும் இல்ல. ஓரம் கட்டி கியர் டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில துடைச்சன். சிவப்பா இருக்க வேண்டிய ஒயில் வெறுந்தேத்தண்ணி நிறத்தில கிடந்திச்சு.

ஊருக்கு வந்து காட்டினன். ஸ்லிப் (கியர் பிடிக்காம வழுக்குறது) இல்ல, கியர் மாறக்குள்ள இடிக்கவும் இல்ல. ஒயில்தான் வெந்திருக்கு எண்டாங்க. டீ-4 ஒயில்தான் இதுக்கு. ஒருக்கா இறக்கினா 3 லீற்றர் மட்டில வரும், மிச்சம் கன்வேட்டருக்க (எஞ்சினின்ட சுத்தை ஒயிலால கியர் பொக்ஸுக்குக் கடத்துற உருளை) நிக்கும். அதால கிழமைக்கு ஒருக்கா எண்டு மூண்டு தரம் இறக்கி ஊத்தினன். மறுகா லேசர் வெப்பமானி ஒண்டை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினன். எல்ல சந்தியில நிப்பாட்டி கியர் சம்ப்பின்ட (ஒயில் நிக்கிற தட்டு) அடியில பிடிச்சா 118 பாகை.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தாங்க. இப்ப வாற வாகனத்தின்ட விலைக்கு நான் கிட்டப் போகவும் ஏலா. இந்த கியர் பொக்ஸ் போனா என்ட தொழிலும் போயிரும். அதான் கியர் ஒயிலை ஆத்த வெளியால கூலர் ஒண்டு போட முடிவெடுத்தன்.

கொழும்புக்குப் போன சினேகிதன் பஞ்சிகாவத்தையில தட்டு அடுக்கின வகைக் கூலர் ஒண்டு புதுசா எடுத்துத் தந்தான், கொப்பி அளவு. ஹோஸும் கிளிப்பும் அதோடயே வந்திச்சு. இன்டைக்குக் காலமை வேப்பமரத்துக்குக் கீழ ஸ்டாண்டில ஏத்தி முன் பம்பரைக் கழட்டினன்.

இந்தக் காரில ரேடியேற்றரின்ட கீழ் டாங்கிக்கு ரெண்டு றப்பர் ஹோஸ் வருது. ஒண்டால கியர் ஒயில் சூடா உள்ள போகும், மற்றதால ஆறி கியர் பொக்ஸுக்குத் திரும்பும். எது எது எண்டு பார்க்க, எஞ்சின் ஆறிக் கிடக்கக்குள்ள ஸ்டார்ட் பண்ணி ரெண்டையும் ரெண்டு கையால பிடிச்சன். முதல் சுட்டது போறது, பிந்திச் சுட்டது திரும்புறது. திரும்புற ஹோஸைக் கழட்டி அதுக்கு நடுவில கூலரைக் கொடுத்தன். கூலரின்ட ரெண்டு வாயும் மேல பார்க்குது, உள்ளுக்க காத்து அடைபடாம.

கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னால வெச்சன். அதோட வந்த பிளாஸ்டிக் கம்பியை ரேடியேற்றருக்குள்ளால குத்தி இழுக்கச் சொல்லிப் படம் போட்டிருந்தாங்க. அதுக்கு மனம் ஒப்பல்ல. அலுமினியம் ஆங்கிளில ரெண்டு துண்டு வெட்டி, மேல் குறுக்குச் சட்டத்தில துளை போட்டு போல்ட் பண்ணினன். கண்டென்சருக்கும் கூலருக்கும் இடையில ஒரு விரல் இடைவெளி.

ஒரு இடத்திலதான் கரைச்சல். கூலர் நிப்பிள் பெரிசு, கார் பக்கத்துக் குழாய் ஒல்லி. வந்த ஹோஸ் கார் பக்கத்தில தொளதொளத்திச்சு. இங்க ஹாட்வெயாரில பித்தளை றிடியூசர் ஒண்டும் ஒரு அடி பெற்றோல் ஹோஸும் வாங்கி இடையில போட்டு முடிச்சன். ஒழுக்கு இல்ல. அரை லீற்றர் மட்டில ஒயில் கூடக் குடிச்சிச்சு.

வியாழக்கிழமை அடுத்த ஹயர். என்ன சொல்றீங்க?

சம்மாந்துறை_வட்டை · ஞாயிறு, இரவு 9.05

மாஷா அல்லாஹ், கை வேலை நல்லா இரிக்கி. அந்தப் பிளாஸ்டிக் கம்பியப் போடாம விட்டதுக்கே ஒரு சலாம். என்ட மச்சானின்ட காரில அது ஆடி ஆடி ஒரு வருசத்தில கண்டென்சரில ஓட்டை விழுந்து ஏசி கேஸ் முழுக்கப் போச்சி.

களுவாஞ்சிக்குடி_பாஸ் · ஞாயிறு, இரவு 10.20

தம்பி, முதல் ஒரு சொல். அந்த ஒரு அடி பெற்றோல் ஹோஸை ஹயருக்குப் போக முன்னம் கழட்டுங்க. மற்ற எல்லாம் பிறகு பேசலாம்.

ஏன் எண்டு சொல்றன். பெற்றோல் ஹோஸ் பெற்றோலுக்குச் செய்தது, பெற்றோல் கொதிக்கக் கொதிக்க ஓடுறதில்ல. நீங்க ஓட்டப்போறது 100 பாகையைத் தாண்டுற ஒயில். சூட்டோட அந்த ஒயில் உள் றப்பரை ஊற வைக்கும், கிளிப் கடிச்ச இடம் பள்ளமாகும், மறுகா கிளிப் தொளதொளக்கும். ஒழுகத் தொடங்கினா உங்களுக்குத் தெரியவும் வராது. கார் ஓடக்குள்ள கீழால காத்து அடிச்சுக் கொண்டு போயிரும். கியர் பிடிக்காமப் போகக்குள்ளதான் விளங்கும், அது ஏற்றத்தில நடந்தா நாலு பேரின்ட உயிர். ஓட்டோ கியர் கூலருக்கெண்டே ஹோஸ் இருக்கு. மேல எஸ்.ஏ.ஈ ஜே1532 எண்டு அச்சடிச்சிருக்கும். அந்த எழுத்தைக் கண்ணால பார்த்து வாங்குங்க. கடைக்காரர் "இதும் அதுதான்" எண்டா வெளிய வாங்க.

றிடியூசரையும் பாருங்க. ஹோஸ் ஏறுற வாயில விளிம்பு தடிச்சு ஒரு வளையம் எழும்பி இருக்கோணும். வழுவழு எண்டு நேர்க் குழாயா இருந்தா எவ்வளவு முறுக்கினாலும் ஒருநாள் வழுக்கும். ஹோஸ் ஒரு அங்குலமாவது உள்ள ஏறோணும், கிளிப் அந்த வளையத்துக்கு அங்கால இருக்கோணும்.

இப்ப சூடு எங்கால வருது எண்டு. கன்வேட்டருக்க ரெண்டு விசிறி முகத்துக்கு முகம் நிக்குது எண்டு நினைச்சுக்கொள்ளுங்க, இடையில ஒயில். எஞ்சின் ஒண்டைச் சுத்த, ஒயில் அடிச்சு மற்றது சுத்தும். ரெண்டும் ஒரே வேகத்தில சுத்தாது, அந்த வித்தியாசம் முழுக்கச் சூடாத்தான் ஒயிலில இறங்கும். நேர் ரோட்டில வேகம் பிடிச்சா உள்ளுக்க ஒரு கிளச் பூட்டி ரெண்டையும் ஒண்டாக்கிப் போடும், சூடு குறைஞ்சிரும். பஸ்ஸுக்குப் பின்னால 20 இல ஊரக்குள்ள அது பூட்டாது. அரை மணித்தியாலம் அப்படியே வழுக்கி வழுக்கி ஏறுறீங்க. உங்கட முள்ளு நடுவில நிண்டதில ஆச்சரியம் இல்ல. அது எஞ்சின் தண்ணியின்ட சூடு. கியர் ஒயிலுக்கு உங்கட டாஷ்போர்ட்டில முள்ளே இல்ல.

ஆனபடியா கூலரோட ஓட்டுற முறையையும் மாத்துங்க. ஏற்றம் தொடங்கின உடன லீவரை 2க்கு இறக்குங்க. எஞ்சின் சத்தம் போடும், பயப்பட வேணாம், கன்வேட்டர் வழுக்குறது குறையும். மேல போய்ச் சேர்ந்தோண்ண டக்கெண்டு ஓஃப் பண்ணாதீங்க. பி-யில ரெண்டு மூண்டு நிமிஷம் எஞ்சின் ஓடட்டும், ஒயில் சுத்தி ஆறட்டும்.

இன்னொண்டு, மற்றவங்களுக்கும் சேர்த்து. கூலர் போட்டா ஸ்லிப் நிக்குமா எண்டு என்ட கராஜுக்கு வந்து கேக்கிறவங்க கனபேர். நிக்காது. தேய்ஞ்ச கிளச் தட்டை எந்தக் கூலரும் தடிப்பாக்காது. நீங்க ஸ்லிப் வர முன்னம் செய்தீங்க, அதுதான் சரியான நேரம்.

திருக்கோவில்_ஹயர் · ஞாயிறு, இரவு 10.45

அண்ணே, வாசிச்சோண்ண நெஞ்சு திக்கெண்டிச்சு. காலமை கழட்டுறன். கல்முனையில அந்த ஹோஸ் கிடைக்குமா எண்டு பார்க்கிறன், இல்லாட்டி மட்டக்களப்புக்கு வாறன்.

வாழைச்சேனை_நோவா · திங்கள், காலை 6.30

ஹயர்த் தம்பி ரேடியேற்றரோட சேர்த்துத்தான் கூலரைப் போட்டிருக்கார். நான் ரேடியேற்றர் பக்கத்தை முழுசா வெட்டிப்போட்டு வெளிக் கூலருக்கு மட்டும்தான் கொடுத்திருக்கன். காரணம் இருக்கு.

மூண்டு வருசத்துக்கு முன்னம் என்ட வேனுக்கு விலை குறைஞ்ச ரேடியேற்றர் ஒண்டு போட்டன். எட்டு மாசம் போகல்ல, கீழ் டாங்கிக்க இருக்கிற ஒயில் குழாயில வெடிப்பு விழுந்திட்டு. கூலன்ட் போய் கியர் ஒயிலோட கலந்திட்டு. டிப்ஸ்டிக்கை இழுத்தா ஃபலூடா நிறத்தில நுரைச்சுக்கொண்டு வருது. ரெண்டு நாள்தான் ஓடினன். பொக்ஸைத் திறந்தா கிளச் தட்டில ஒட்டின பசை எல்லாம் விட்டு, மட்டை உரிஞ்ச மாதிரிக் கழண்டு கிடக்கு. அந்தச் செலவை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். தண்ணியும் ஒயிலும் ஒரே டாங்கிக்க இருக்கிறதே எனக்கு வேணாம்.

களுவாஞ்சிக்குடி_பாஸ் · திங்கள், மதியம் 1.15

நோவா தம்பி, நீங்க பட்ட பாடு சின்னப் பாடில்ல, அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டன். கூலன்ட் கலந்த பொக்ஸை நானும் கனக்கத் திறந்திருக்கன்.

ஆனா ஹயர்த் தம்பிக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டன். காத்தை விடத் தண்ணி சூட்டை நல்லாக் கவரும். கீழ் டாங்கிக்கு வாற தண்ணி ரேடியேற்றரில ஆறி வந்த தண்ணி. பஸ்ஸுக்குப் பின்னால ஊரக்குள்ள முன்னால இருக்கிற கூலருக்குக் காத்து எங்க? ஃபேன் இழுக்கிறது மட்டும்தான், அதும் கச்சான் காலத்தில சுடுகாத்து. பெரிய சூட்டை முதல் தண்ணி எடுத்திட்டு, மிச்சத்தைக் காத்து எடுக்கட்டும். அதால திரும்புற லைனில போட்டது சரி. நுவரெலியாப் பக்கம் விடியக்காலமைக் குளிரில அதே தண்ணி ஒயிலைக் கெதியாச் சூடாக்கியும் கொடுக்கும், அளவுக்கு மிஞ்சின குளிரும் கியருக்கு ஆகாது.

வெட்டி விடத்தான் வேணுமெண்டா, பழைய ரேடியேற்றர், நம்பிக்கை இல்ல, மாத்தக் காசும் இல்ல எண்டா வெட்டலாம். ஆனா கூலர் பெரிசா இருக்கோணும், அதுக்கெண்டு தனி ஃபேனும் வேணும். உங்கட வேனில ஃபேன் இருக்கா?

வாழைச்சேனை_நோவா · திங்கள், மதியம் 1.50

இருக்கு பாஸ். ஏசி ஃபேனோட சேர்த்துக் கொடுத்திருக்கன். நான் மலைக்குப் போறதில்ல, பொலன்னறுவை ரோட்டோட சரி. மலைக்கு நீங்க சொல்றதை ஏத்துக்கொள்றன்.

களுவாஞ்சிக்குடி_பாஸ் · திங்கள், மதியம் 2.00

அப்ப உங்களுக்கு அது பொருந்தும். ஹயர்த் தம்பி, நீங்க மாசத்துக்கு ஒருக்கா எஞ்சின் ஆறின பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்க. தண்ணிக்கு மேல எண்ணெய்ப் படலம் மிதந்தா அடுத்த நாள் பார்த்துக்கொண்டிருக்க வேணாம்.

கல்லடி_கடற்கரை · திங்கள், மாலை 5.10

கடல் காத்துக்காரன் எண்ட முறையில ஒரு விஷயம். கிளிப் எல்லாம் துருப்பிடிக்காத எஃகா எண்டு காந்தம் வெச்சுப் பாருங்க, பட்டிக்கு வேறயா, திருகாணிக்கு வேறயா. பட்டி நல்லது, திருகாணி மட்டும் சாதாரண இரும்பு எண்டு கனக்க வருது. எங்கட வீட்டில அந்தத் திருகாணி ஆறு மாசத்தில பொடியா உதிர்ந்திச்சு. திருக்கோவிலும் கடலோரம்தானே.

அக்கரைப்பற்று_டீச்சர் · திங்கள், இரவு 7.30

இந்த இழையை முதலில் இருந்து வாசித்தேன். என்னுடையது சீவீடி கியர் (பட்டியும் கப்பியும் கொண்டு ஓடும் ஓட்டோ கியர்) உள்ள விட்ஸ் கார். பாடசாலைக்கும் வீட்டுக்கும்தான் ஓடுகிறேன், வருடத்தில் இரண்டு தடவை பதுளைக்கு அக்கா வீட்டுக்குப் போவோம். எனக்கும் இப்படி ஒன்று பூட்ட வேண்டுமா? கணவர் போடலாம் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி_பாஸ் · திங்கள், இரவு 8.15

டீச்சர், உங்கட ஓட்டத்துக்குத் தேவையில்ல. சீவீடியில சில பொக்ஸுகளுக்கு ரேடியேற்றருக்கு ஹோஸே வராது. பொக்ஸின்ட மேலயே ஒரு சின்னக் கட்டி இருக்கும், அதுக்குள்ளால எஞ்சின் தண்ணி ஓடி ஒயிலை ஆத்தும். அப்படியான வாகனத்தில கண்ட ஹோஸை வெட்டினா வெட்டுறது தண்ணி ஹோஸா ஒயில் ஹோஸா எண்டே தெரியாது. உங்களுக்குப் பெரிய காவல், உங்கட கார்ப் புத்தகத்தில போட்டிருக்கிற சீவீடி ஒயிலையே நேரத்துக்கு மாத்துறது. வேற ஒயில் "எல்லாத்துக்கும் பாவிக்கலாம்" எண்டு தந்தா வாங்காதீங்க. சீவீடியில இரும்புப் பட்டி கப்பியில பிடிச்சு நிக்கிறதே அந்த ஒயிலின்ட தன்மையாலதான்.

அக்கரைப்பற்று_டீச்சர் · திங்கள், இரவு 8.25

மிக்க நன்றி அண்ணா. இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

சம்மாந்துறை_வட்டை · திங்கள், இரவு 9.40

ஒண்டு யாருமே செல்லல்ல, நான் செல்றன்.

எங்கட பக்கம் வெள்ளாமை வெட்டு நேரம் ரோட்டைப் பார்த்தீங்களா? ரெண்டு ஓரமும் நெல்லுக் காயப் போட்டிரிப்பாங்க. மெஷின் வட்டைக்குள்ள ஓடக்குள்ள பதரும் வைக்கல் தூசும் புகை மாதிரி ரோட்டுக்கு வரும். அதுக்குள்ளாலதான் நாங்க எல்லாரும் போறம். இரவில லைட்டப் போட்டா வயல் பூச்சி மழை மாதிரி முன்னால அடிக்கும்.

நான் கூலர் போட்டு ரெண்டாம் வருசம். மாரி வெள்ளாமை முடிஞ்ச பொறகு சூடு கூடுற மாதிரிப் பட்டிச்சி. பம்பரக் கழட்டினன். கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவில ஒரு விரல் இடம் எண்டு நீங்க விட்டிரிக்கீங்களே, அந்த இடம் முழுக்கப் பதர். பூச்சி செத்து எண்ணெய்ப் பசையா அதோட சேர்ந்து, பாய் பின்னினாப்போல ஒரு தட்டு. விரலால இழுத்தா ஒரே துண்டாக் கழண்டு வந்திச்சி, கண்டென்சரின்ட கோடு அதுல அச்சா விழுந்திரிக்கி. முன்னால இரிந்து பார்த்தா ஒண்டும் தெரியாது, கூலர் பளபள எண்டு நிக்கும்.

பிரஷர் வோஷரால அடிச்சிராதீங்க, தகடெல்லாம் மடிஞ்சி படுத்திரும். சும்மாக் குழாய்த் தண்ணி, உள்ளுக்க இரிந்து வெளியால அடிக்கோணும். முன்னால இரிந்து அடிச்சா பதர இன்னம் உள்ள தள்ளுறதுதான் மிச்சம். நான் இப்ப வருசத்துக்கு ரெண்டு தரம், ரெண்டு போகமும் முடிய கழட்டிக் கழுவுறன். பம்பர் கிளிப்ப அதுக்கெண்டே கூட வாங்கி வெச்சிரிக்கன், கழட்டக்குள்ள நாலு கிளிப்பாவது உடையும்.

களுவாஞ்சிக்குடி_பாஸ் · திங்கள், இரவு 10.05

இது பெறுமதியான சொல்லு. என்னட்ட வாற கூலர் முறைப்பாட்டில பாதி இதுதான்.

திருக்கோவில்_ஹயர் · செவ்வாய், இரவு 9.15

நேற்றே ஹோஸைக் கழட்டினன், எழுத நேரம் கிடைக்கல்ல. மட்டக்களப்பில மூண்டாவது கடையிலதான் ஜே1532 எண்டு எழுத்துப் போட்டது கிடைச்சிச்சு, ரெண்டு அளவிலயும் எடுத்தன்.

கழட்டின பெற்றோல் ஹோஸை பிளேட்டால நெடுக்குவாட்டில கீறிப் பார்த்தன். பூட்டின பிறகு முற்றத்தில ஒரு மணித்தியாலம் ஓட விட்டதும், தம்பிலுவில் வரைக்கும் ஒருக்காப் போய் வந்ததும்தான். அவ்வளவுக்கே உள்பக்கம் விரல் நகம் பதியுது. கிளிப் கடிச்ச இடத்தில வாய்க்கால் மாதிரி ஒரு கோடு. வெளியால பார்த்தா புத்தம் புதுசு. அந்தத் துண்டை வீசல்ல, கண்ணில படுற மாதிரி கராஜ் சுவரில ஆணியில கொழுவி இருக்கன்.

றிடியூசரிலயும் அண்ணன் சொன்னது சரி, ஒரு வாயில வளையம் இல்ல. மாத்தினன். காந்தம் வெச்சன், ஆறு கிளிப்பில ரெண்டின்ட திருகாணி ஒட்டிச்சு. அதையும் மாத்தினன்.

ஒயில் அளவு பார்க்கிறதில ஒரு சந்தேகம். ஆறினாப் பிறகு பார்த்தா குறையக் காட்டுது.

களுவாஞ்சிக்குடி_பாஸ் · செவ்வாய், இரவு 9.50

ஆறினா பார்க்காதீங்க. ஒரு ஓட்டம் போய் வந்து ஒயில் 70, 80 பாகையில நிக்கக்குள்ள, சமதரையில, எஞ்சின் ஓட ஓட, பிரேக்கை மிதிச்சுக்கொண்டு லீவரை எல்லாக் கியருக்கும் ஒருக்காப் போட்டுத் திரும்ப பி-க்கு வாங்க. அப்ப இழுத்துப் பார்த்தா சூட்டுக் கோடு ரெண்டுக்கும் நடுவில நிக்கோணும். கூட ஊத்திப் போடாதீங்க. ஒயில் கூடினா உள்ளுக்க சுத்துற சாமான் அதை அடிச்சு நுரையாக்கும், நுரை அமுக்கத்தைத் தாங்காது, மறுகா குறைஞ்சதுக்கும் கூடினதுக்கும் ஒரே வருத்தம்தான்.

வாழைச்சேனை_நோவா · செவ்வாய், இரவு 10.10

பழைய கூலரை ரீகண்டிஷன் கடையில எடுத்துப் போடலாமா எண்டு உள்பெட்டியில ஒருத்தர் கேட்டார். இங்கயே சொல்றன்: வேணாம். அது எந்த வாகனத்தில இருந்து கழண்டது, அந்தப் பொக்ஸ் எப்படிச் செத்தது எண்டு யாருக்கும் தெரியாது. தட்டு அடுக்குக்குள்ள நிக்கிற இரும்புத்தூளைக் கழுவி எடுக்க ஏலா, அது நேர உங்கட வால்வ் பொடிக்குத்தான் (பொக்ஸுக்க ஒயிலைத் திருப்பி கியர் மாத்துற பகுதி) போகும்.

திருக்கோவில்_ஹயர் · வியாழன், இரவு 11.20

இப்பத்தான் வந்து சேர்ந்தன்.

அதே நாலு பேர் கணக்கு, அதே போர்ட், ஏசி முழுக்க. வெல்லவாய தாண்டினோண்ண மரக்கறி லொறி ஒண்டு மாட்டிச்சு, எல்ல வரைக்கும் விலகவே இல்ல. லீவரை 2இல போட்டே ஏறினன். மேல போய் பி-யில ஓட விட்டிட்டு, குனிஞ்சு சம்ப்பில பிடிச்சன், 96. திரும்ப ஒருக்காப் பிடிச்சன், நம்பாமல். 96தான். மூண்டு நிமிஷத்தில 91க்கு இறங்கிச்சு. டிப்ஸ்டிக்கைத் துடைச்ச துணி சிவப்பு. மணமே இல்ல.

வாற வழியில லாகுகலைக் காட்டடியில நிப்பாட்டி டோர்ச் அடிச்சு எல்லா மூட்டும் பார்த்தன். ஒண்டில மட்டும், கூலரின்ட வலப்பக்க வாயில, விரல் வெச்சா லேசா ஈரம் ஒட்டுது. சொட்டு விழல்ல. புது ஹோஸ் சூட்டில இருந்து ஆறினதில கிளிப் கொஞ்சம் தளர்ந்திருக்கும் எண்டு நினைக்கிறன். அண்ணே, முறுக்கினாச் சரி வருமா, கழட்டித் திரும்பப் போடோணுமா?

களுவாஞ்சிக்குடி_பாஸ் · வெள்ளி, காலை 5.05

ஆறினபடியா இப்ப கால் சுத்து முறுக்குங்க, அதுக்கு மேல வேணாம், பட்டி றப்பரை வெட்டிரும். நல்லாத் துடைச்சுப்போட்டு ஒரு சின்ன ஓட்டம் போய் வந்து கடதாசியை வெச்சுப் பாருங்க. கடதாசி நனைஞ்சா கழட்டுங்க.

திருக்கோவில்_ஹயர் · வெள்ளி, காலை 6.40

கால் சுத்து முறுக்கி, பொத்துவில் பக்கம் பத்துக் கிலோமீற்றர் போய் வந்தன். கடதாசி காய்ஞ்சுதான் கிடக்கு.